ஹோக் ஸ்மித்: ஏடும் வாக்கும்

அமெரிக்காவில் 'தெற்கு' என்பது வெறும் திசையன்று. அடிமைமுறையைக் காக்கத் தனிநாடு கேட்டு 1861 முதல் 1865 வரை போரிட்டுத் தோற்ற மாநிலங்களின் பெயர் அது. அவற்றுள் ஒன்றான ஜார்ஜியாவில் வழக்கறிஞராகவும், ஏட்டின் உரிமையாளராகவும், ஆளுநராகவும் விளங்கியவர் ஹோக் ஸ்மித்.

1855-இல் வட கரோலினாவில் பிறந்தார். தந்தை பேராசிரியர், மகனோ கல்லூரியில் காலடி வைக்காமலே பதினேழு வயதில் வழக்கறிஞரானார்! ரயில்வே விபத்துகளில் ஊனமுற்றோருக்காக அந்தக் கம்பெனிகளை எதிர்த்து வாதாடிப் பொருளும் புகழும் ஈட்டினார். 1887-இல் 'அட்லாண்டா ஜர்னல்' நாளேட்டை வாங்கினார். 1892 தேர்தலில் அவ்வேடு கிளீவ்லண்டை ஆதரித்தது. மறு ஆண்டே ஸ்மித் அவரது அமைச்சரவையில் இடம்பெற்றார். ஏடு எதற்குப் பயன்படும் என்பதை அறிந்தவர்தாம்.

1906-இல் ஆளுநர் பதவிக்கு நின்றபோது அவருடன் மோதியவரும் ஓர் ஏட்டின் ஆசிரியரே: 'கான்ஸ்டிட்யூஷன்' இதழின் கிளார்க் ஹவல். ஜர்னலை ஸ்மித் 1900-இலேயே விற்றிருந்தும் அது அவர் பக்கமே நின்றது. கறுப்பின மக்களின் வாக்கைப் பறிப்பேன் என்பது ஸ்மித்தின் முழக்கம். வேட்பாளர் தேர்வில் ஆகஸ்டில் வென்றார். செப்டம்பர் 22 அன்று, நகரின் மாலை ஏடுகள் கறுப்பர் மீது பரப்பிய சரிபார்க்காத செய்திகளால் வெள்ளையர் கும்பல் வெறிகொண்டெழுந்தது. குறைந்தது 25 கறுப்பர்கள் மாண்டனர்.

சொன்னதைச் செய்தார். 1908-இன் அரசியல் சட்டத் திருத்தப்படி வாக்களிக்க விரும்புவோர் அரசியல் சட்டத்தின் ஒரு பத்தியைப் படித்து எழுதிக் காட்டவேண்டும். அல்லது 40 ஏக்கர் நிலமோ 500 டாலர் மதிப்புள்ள சொத்தோ வேண்டும். முன்னோர் போர்வீரராயின் எதுவும் வேண்டாம்! எழுத்தறியா வெள்ளையர் நுழைய அது புறவாசல். கைநாட்டு வைக்கும் என் தந்தை ஒவ்வொரு தேர்தலிலும் விடியலிலேயே வரிசையில் நிற்பவர். இதைப் படித்தபோது அவரைத்தான் நினைத்தேன். ஆனால் எழுத்தறிவா அங்கே சிக்கல்? அதே அட்லாண்டாவில் ஹார்வர்டில் டாக்டர் பட்டம் பெற்ற டூபாய்ஸ் என்ற கறுப்பினப் பேராசிரியர் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

கைதிகளை முதலாளிகளுக்குக் குத்தகைக்கு விடும் கொடுமையை ஒழித்தவரும் இதே ஸ்மித்தான். செனட்டராகி, வேளாண் கல்லூரியின் அறிவை உழவரின் வயலுக்குக் கொண்டுசென்ற 1914-ஆம் ஆண்டின் ஸ்மித்–லீவர் சட்டத்தைத் தந்தார். எனினும் பணம் எந்தக் கல்லூரிக்கு என்பதை மாநிலச் சட்டமன்றமே முடிவு செய்யும் என்று அதில் எழுதப்பட்டது. தென் மாநிலங்களில் அது வெள்ளையர் கல்லூரிகளுக்கே போயிற்று.

1920-இல் அவரைத் தோற்கடித்தவர் டாம் வாட்சன்; 1906-இல் தோள்கொடுத்த அதே வாட்சன். ஸ்மித் 1931-இல் இறந்தார். ஜார்ஜியாவின் எழுத்தறிவுத் தேர்வு 1965-ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டம் வந்த பிறகே நின்றது.