கர்ப்பாசயத்தின் பிறவி வேற்றுமைகள்

இரண்டு மூன்று முறை கர்ப்பம் கலைந்துவிட்டால், அதனைக் கிரக தோஷமென்றும் மருமகளின் குற்றமென்றும் கூறுதல் செய்யாற்றங்கரையிலுள்ள மாகறலைப் போன்ற கிராமங்களில் மட்டுமன்றி நாடெங்கும் கேட்கப்படுகிறது. கர்ப்பம் கலைதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று, அப்பெண் தன் தாயின் வயிற்றிலிருந்தபொழுதே ஏற்பட்ட கருப்பையின் அமைப்பு வேற்றுமையாகும். இதற்கு அவளுடைய நடத்தையோ, உணவோ, வேலையோ காரணமன்று.

கருவிலுள்ள பெண் சிசுவுக்குக் கருப்பை முதலில் இரண்டு குழாய்களாகவே தோன்றுகிறது. ஜெர்மானிய அறிஞர் ஜோஹன்னஸ் முல்லர் 1830-ல் இவற்றை விவரித்தமையால் இவை முல்லர் குழாய்கள் எனப்படும். இவற்றின் கீழ்ப்பாகங்கள், காஞ்சீபுரத்துக் கோர்வைச் சேலையில் உடலும் கரையும் கோக்கப்படுவதுபோல இணைந்து, பின்னர் நடுச்சுவரும் கரைந்து ஒரே பையாகின்றன. ஒரு குழாய் வளராவிடின் ஒற்றைக் கொம்புக் கருப்பை. முற்றும் இணையாவிடின் இரட்டைக் கருப்பை. மேற்பாதி மட்டும் இணையாவிடின் இருகொம்புக் கருப்பை. இணைந்தும் சுவர் கரையாவிடின் தடுப்புக் கருப்பை. பொதுவாக நூறு ஸ்திரீகளில் 5 அல்லது 6 பேருக்கு இத்தகைய வேற்றுமை ஏதேனும் இருக்கலாம். பலர் அதனை அறியாமலே சுகமாய்ப் பிரசவித்துவிடுகின்றனர்.

தடுப்புக் கருப்பையில் கர்ப்பம் கலைதல் மிகுதி. இருகொம்புக் கருப்பையில் குறைமாதப் பிரசவமும் சிசு தலைகீழாய்த் திரும்பாமையும் மிகுதி. சாதாரண ஸ்கானில் இவ்விரண்டும் ஒன்றுபோலத் தோன்றக்கூடும். கருப்பையின் வெளிப்புறம் பள்ளமாயிருக்கிறதா என்பதே வேற்றுமை. அதனை முப்பரிமாண ஸ்கானோ எம்.ஆர்.ஐ. படமோ காட்டும். இது தெளியாமல் உள்ளே அறுக்கப் புகுவது அபாயம். தடுப்பை அறுத்து நீக்குவதிலும் வைத்தியர்கள் ஒருமனப்படவில்லை. 80 ஸ்திரீகளைக் கொண்டு செய்யப்பெற்று 2021-ல் வெளியான ஆராய்ச்சியில், அறுத்துக்கொண்டவர்களுக்கு அதிக நன்மை காணப்படவில்லை. ஆகவே, அறுவைதான் வழியென்று ஒருவர் சொன்ன மாத்திரத்தில் கடன் வாங்க ஓடாமல், இரண்டாவது வைத்தியரையும் கேட்பது விவேகம்.

ஒற்றைக் கொம்புடையாரிற் சிலருக்கு மறுபுறம் வளர்ச்சி குன்றிய சிறு கொம்பு இருக்கும். அதில் கரு தங்கினால் நடுமாதங்களில் வெடித்து உயிருக்கே ஆபத்தாகும். இத்தகையோருக்கு ஒரு பக்கத்துச் சிறுநீரகம் இல்லாதிருத்தலும் உண்டு. அதனையும் பார்க்கச் சொல்லவேண்டும்.

ஏறக்குறைய 5,000 பெண்களில் ஒருவருக்குக் கருப்பையே உருவாவதில்லை. மார்பு வளர்ச்சி முதலியன இயல்பாயிருப்பினும் ருதுவாவதில்லை. 15 வயது நிறைந்தும் ருதுவாகாத பெண்ணை, விவாகப் பேச்சுக்கு முன்னரே வைத்தியரிடம் காட்டுக. மணமான பின் இச்செய்தி வெளிப்பட்டால் அவள் படும் அவமானம் கொஞ்சமன்று. 2017-ல் புனேயில் இவ்வாறு பிறந்த ஒரு பெண்ணுக்கு அவள் தாயின் கருப்பையே பொருத்தப்பட்டது. அஃது இன்னும் அரிய சிகிச்சையே.

மாகறலிலிருந்து செல்வோர்க்குக் காஞ்சீபுரம் அரசாங்கத் தலைமை ஆஸ்பத்திரி சமீபம். அதற்கு மேற்பட்ட பரிசோதனைக்கு, 1844-ல் ஏற்பட்ட சென்னை எழும்பூர்ப் பிரசவ ஆஸ்பத்திரி உண்டு. பழைய ஸ்கான் படங்களைத் தவறாமல் கொண்டுசெல்க. வேற்றுமை கண்டால் அதனைப் பிரசவச் சீட்டில் எழுதுவித்துக்கொள்க. அடுத்த கர்ப்பத்தில் நர்ஸம்மாள் முதலில் பார்ப்பது அச்சீட்டையே.