பழைய வண்டி கற்றுத்தந்த கணக்கு



எங்கள் தந்தையாரின் பழைய ஸ்டேஷன் வேகன் குடும்பத்தைக் கோயிலுக்கும் மளிகைச் சரக்கைக் கடைக்கும் ஏற்றி வரும். மேடு ஏறினால் ரேடியேட்டர் கொதிக்கும். 1988 தீபாவளிக்கு முந்தின வாரம், மண்டியில் சர்க்கரையும் மைதாவும் ஏற்றித் திரும்பும் வழியில் நின்றுவிட்டது. சரக்கு மறுநாள்தான் வந்தது. பட்டியல் கொடுத்திருந்தவர்கள் வேறு கடையில் வாங்கிக்கொண்டார்கள். சிலர் அதன்பின் எங்கள் கடைக்கு வரவே இல்லை. பேரேட்டில் மெக்கானிக் கூலி மட்டுமே பற்றானது. போன வியாபாரத்தை யாரும் எழுதவில்லை.

தேய்மானத்தை ஆண்டுக்கு 15 சதவீதமாக, குறையும் மதிப்பில் போட்டால், 1,00,000 ரூபாய் வண்டி முதலாண்டு முடிவில் 85,000, அடுத்த ஆண்டு 72,250 ஆகும். அதாவது முதலாண்டுத் தேய்மானம் 15,000. இரண்டாம் ஆண்டு 12,750. இப்படிக் குறைந்துகொண்டே போவதால் பழைய வண்டி மலிவாகத் தோன்றும். ஆனால் பழுதுச் செலவும் வண்டி நின்றுபோகும் நாள்களும் கூடிக்கொண்டே போகும்.

எனவே வண்டிக்குத் தனிக் கணக்கு வையுங்கள். எரிபொருள், பழுது, காப்பீடு, தேய்மானம் இவற்றோடு நின்ற நாள், அன்று கொடுத்த வாடகை, தவறிய லாபம் ஆகியவற்றையும் எழுதுங்கள். ஆண்டு முடிவில் கூட்டி, வாடகை வண்டிச் செலவோடு ஒப்பிட்டு முடிவெடுங்கள்.

நாங்கள் அந்த வண்டியை விற்க மனமில்லாமல் கோயிலுக்கு மட்டும் வைத்துக்கொண்டோம். சரக்கு வாடகை வண்டியில் வந்தது.