பாரசீக ஓவியரைப் போனில் தேடுவோருக்குக் கோமாரியிலிருந்து சில குறிப்புகள்

கொழும்பு தேசிய நூதனசாலையில் ஒரு கல் இருக்கிறது. 1911இல் காலியில் கிடைத்தது. 1409ஆம் ஆண்டு குறிக்கப்பட்ட அந்தக் கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் மூன்று மொழியும் பொறித்திருக்கிறது. அறுநூறு வருசத்துக்கு முன்பே இந்தத் தீவில் தமிழும் பாரசீகமும் ஒரே கல்லில் இருந்திருக்கின்றன. ஆனால் இன்றைய ஈரானில் யார் வரைகிறார்கள், யார் படம் எடுக்கிறார்கள் என்று கேட்டால் நம் வீடுகளில் ஒரு பெயரும் வராது. போன வருசம் கச்சான் காற்று அடித்த நாள்களில், மத்தியானத்தில் வெளியே தலைகாட்ட முடியாமல் இருந்தபோது, நானும் மகளும் தேடத் தொடங்கினோம். பொத்துவிலிலிருந்து புடவை கொண்டு வரும் ராத்தாவும் கூடிக்கொண்டார். பல தரம் பிழைத்து, பிறகு பிடித்துக்கொண்டவற்றை எழுதுகிறேன்.

1. ஆங்கிலத்தில் தேடினால் கம்பளமும் பழைய சிற்றோவியமும் விற்பனைக்கு வைத்த சுவர்ப்படமும்தான் வரிசையாக வரும். பாரசீகச் சொல்லையே போட வேண்டும். ஓவியர் ‘நக்காஷ்’: நூன், காபு, அலிபு, ஷீன். படப்பிடிப்பாளர் ‘அக்காஸ்’: ஐன், கேபு, அலிபு, சீன். கதைப் புத்தகங்களுக்குப் படம் வரைபவர் ‘தஸ்வீர்கர்’. இந்தச் சொற்களை எங்களுக்கு எழுத்துக் கூட்டித் தந்தவர் ராத்தாதான். சின்ன வயதில் குர்ஆன் மத்ரஸாவில் ஓதிய எழுத்து அவருக்குக் கைவசம் இருக்கிறது. பொருள் தெரியாவிட்டாலும் பெயரை வாசித்துவிடுவார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, வலமிருந்து இடமாகத் திரையில் விரலை நகர்த்தி வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தினார். “இந்த ‘பே’க்குக் கீழ மூணு புள்ளி கிடக்கு தங்கச்சி. ஓதுறதுல இந்த எழுத்து இல்ல.” அரபியில் இல்லாத ஓசைகளுக்காகப் பாரசீகத்தில் நாலு எழுத்து கூடுதல்: ப, ‘பச்சை’யில் வரும் ச, ஷகரம் போல உரசி ஒலிக்கும் ஒரு ஜகரம், ‘தங்க’த்தில் வரும் க. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “எங்கட மூத்தம்மாட அரபுத்தமிழ்க் கிதாபுலயும் இப்பிடித்தான், தமிழுக்கெண்டு புள்ளி கூட வெச்சிருக்கும்.” அன்றைக்குப் புடவை மூட்டையை அவிழ்க்கவே இல்லை. உங்கள் அயலிலும் ஓதத் தெரிந்த ஒருவர் இருப்பார், கேளுங்கள்.

2. போனின் விசைப்பலகையில் மொழிகள் என்ற இடத்துக்குப் போய்ப் பாரசீகத்தைச் சேர்த்துவிடுங்கள். அரபி விசைப்பலகை போதும் என்று இருந்துவிடாதீர்கள். கேபும் யேயும் இரண்டிலும் வேறு வேறு எழுத்தாகப் பதிகின்றன. சில இடங்களில் தேடிய பெயர் கிடைக்காமல் போவது இதனால்தான்.

3. அரபி எழுத்தில் இருப்பதெல்லாம் வேதம் அல்ல. ஈரானியக் கலைஞர் ஷிரின் நெஷாத் 1993க்கும் 1997க்கும் இடையில் செய்த ‘அல்லாஹ்வின் பெண்கள்’ புகைப்பட வரிசையில், பெண்களின் முகத்திலும் கையிலும் பாதத்திலும் நுணுக்கி எழுதியிருக்கும். முதலில் பார்த்த ராத்தாவின் முகம் வாடிவிட்டது. காலில் ஆயத்து எழுதுவதா என்று போனைத் தள்ளி வைத்தார். பிறகு அவரே எடுத்து வாசித்துப் பார்த்து, “எழுத்து நம்மட எழுத்துத்தான், பேச்சு வேற” என்றார். அது கவிதை. ஃபொரூக் ஃபரோக்சாத், தாஹிரே சஃபார்சாதே போன்ற பாரசீகப் பெண் கவிஞர்கள் எழுதியது. கோபப்படுவதற்கு முன்னும் பகிர்வதற்கு முன்னும் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

4. ஒரே நாளில் ஐம்பது பேரைப் பார்க்காதீர்கள். ஒருவரை எடுங்கள், அவருடைய ஒரு வரிசையை முழுதாகப் பாருங்கள். வீட்டுப் பெண்கள் தொடங்குவதற்கு நான் சொல்லும் பெயர் ஷாதி கதிரியான். 1974இல் தெஹ்ரானில் பிறந்தவர். ‘எல்லா நாளையும் போல’ என்ற அவருடைய வரிசையில் ஒவ்வொரு படத்திலும் பூப்போட்ட துணியால் தலை முதல் போர்த்திய ஒரு பெண். முகம் இருக்க வேண்டிய இடத்தில் அயன் பெட்டி. அடுத்ததில் விளக்குமாறு. அடுத்ததில் தேத்தண்ணிக் கோப்பை. காய் துருவி, இறப்பர் கையுறை என்று போகிறது. கலியாணத்துக்கு வந்த பரிசுப் பொருள்களிலிருந்து இந்த எண்ணம் பிறந்ததாம். மகள் இரண்டு விரலால் பெரிதாக்கி, துருவியின் பல்லைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு எங்கள் குசினிச் சுவரில் ஆணியில் தொங்கும் துருவியைத் திரும்பிப் பார்த்தாள். நான் ஒன்றும் விளக்கவில்லை. அவருடைய ‘கஜார்’ வரிசையையும் தேடுங்கள். பழங்கால உடுப்பில் நிற்கும் பெண்களின் கையில் நம் காலத்துப் பொருள்கள் இருக்கும்.

5. போர் பார்த்த வீட்டார் கோஹர் தஷ்தியைத் தேடுங்கள். ஈரான் - ஈராக் போர் தொடங்கிய 1980இல், எல்லைக்குப் பக்கத்து நகரமான அஹ்வாஸில் பிறந்தவர். ‘இன்றைய வாழ்வும் போரும்’ என்று 2008இல் ஒரு வரிசை செய்தார். ஒரு சோடி போர்க்களத்திலேயே குடும்பம் நடத்துகிறது. உடைந்த காரில் புதுமணத் தம்பதியாக இருக்கிறார்கள், முட்கம்பியில் துவைத்த துணி காயப்போடுகிறார்கள். வடிவு பார்க்கும் படங்கள் அல்ல இவை. நாங்களும் அப்படித்தானே சமைத்தோம், துணி காயப்போட்டோம், பிள்ளை பெற்றோம்.

6. கடற்கரைக்காரருக்கு ஹோதா அஃப்ஷார். 1983இல் தெஹ்ரானில் பிறந்து இப்போது மெல்பேர்னில் இருக்கிறார். ஹோர்முஸ் நீரிணைத் தீவுகளுக்குப் போய்ப் போய் எடுத்த படங்கள் ‘காற்றோடு பேசு’ என்று 2021இல் புத்தகமாக வந்தன. காற்று ஆளுக்குள் புகுந்து நோயாக்கும், கொட்டு முழக்கிச் சடங்கு செய்து அதை இறக்க வேண்டும் என்பது அந்தத் தீவுகளின் நம்பிக்கை. ‘காத்துப் பட்டிருக்கு’ என்று சொல்லி நூல் கட்டும் ஊரில் இருக்கும் நமக்கு இதற்கு உரை வேண்டியதில்லை. காற்றைப் படம் எடுக்க முடியாது. அது அரித்த பாறையை, அது பறக்கவிட்ட துணியை எடுத்திருக்கிறார். கோமாரிக் கரையில் நின்று போனில் படமெடுக்கும் பொடியன்கள் இதை ஒரு தரம் பார்க்க வேண்டும். மானுஸ் தீவில் அவுஸ்திரேலியா அடைத்து வைத்திருந்த அகதிகளோடு சேர்ந்து அவர் செய்த ‘எஞ்சியிரு’ என்ற படைப்பும் உண்டு. அந்த முகாமில் நம் நாட்டுத் தமிழரும் இருந்தார்கள்.

7. நியூஷா தவகோலியானின் ‘கேள்’ என்ற படவரிசை. ஆண்கள் முன்னால் மேடையில் தனித்துப் பாட அனுமதி இல்லாத பெண்கள், கண்மூடிப் பாடும் கணத்தில். 2010. சத்தம் கேட்காது, பாருங்கள்.

8. ஓவியரின் இன்ஸ்டகிராம் பக்கம் மாதக்கணக்கில் சும்மா கிடந்தால், வரைவதை விட்டுவிட்டார் என்று முடிவு கட்டாதீர்கள். 2022 செப்டெம்பரில் ஈரானில் இன்ஸ்டகிராமை முடக்கினார்கள். உள்ளே இருப்பவர்கள் சுற்றுவழியில்தான் வர வேண்டியிருக்கிறது. அவர்கள் படத்துக்குக் கீழே அரசியல் கேட்டு வம்பு வளர்க்க வேண்டாம். நாம் போனை வைத்துவிட்டுப் படுத்துவிடலாம், பதில் சொல்ல வேண்டி வருவது அவர்களுக்கு. பிடித்திருக்கிறது என்று தமிழிலேயே ஒரு வரி எழுதுங்கள். மொழிபெயர்த்து வாசித்துக்கொள்வார்கள்.

9. வட்ஸ்அப்பில் பெயரில்லாமல் வரும் படத்தை அப்படியே அனுப்பாதீர்கள். நானும் அனுப்பியிருக்கிறேன், அதனால்தான் சொல்கிறேன். கூகுள் லென்ஸில் போட்டால் அந்தப் படம் வெளிவந்த இடம் தெரியக்கூடும். அங்கே ஓவியரின் பெயர், தலைப்பு, ஆண்டு மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றும் எங்குமே இல்லையென்றால் இயந்திரம் செய்த படமாக இருக்கலாம். அப்போது படத்தில் உள்ள எழுத்தைப் பெரிதாக்கி, ஓதத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். எங்கள் ராத்தா அப்படி இரண்டைப் பிடித்தார். தூரத்தில் பார்க்க அழகான எழுத்து, கிட்டப் போனால் ஓர் எழுத்தும் எழுத்தாக இல்லை. கலியாணக் கார்டுக்கோ கடைப் பலகைக்கோ ஒரு படம் வேண்டுமானால், வரைந்தவரிடம் கேட்டு எடுங்கள்.

10. சிக்னல் நன்றாக இருக்கும் நேரத்தில் ஒரு வரிசையை முழுதாகத் திறந்து சேமித்துக்கொண்டு, பிறகு ஆறுதலாகப் பார்த்தால் டேட்டா மிஞ்சும். ஸ்கிரீன்ஷொட் எடுத்தால் பெரிதாக்கும்போது மங்கிப் போகும்.

11. பிள்ளைகளுக்கு ஃபர்ஷித் மெஸ்காலி. சமத் பெஹ்ராங்கியின் சின்னக் கறுப்பு மீன் கதைக்கு 1968இல் படம் வரைந்தவர். 1974இல் அவருக்கு ஆண்டர்சன் விருது கிடைத்தது. பழையவர்தான், ஆனால் இன்றைய தஸ்வீர்கர்களைப் பார்க்கும் முன் அந்த மீனைப் பார்த்துவிட வேண்டும்.

12. தேடப் பழகிய விரலை நம் பக்கமும் திருப்புங்கள். யாழ்ப்பாணத்துப் படப்பிடிப்பாளர் தர்மபாலன் திலக்சன் 2020இல் எடுத்த யானைப் படங்களை உலகம் முழுக்கப் பார்த்தது. எடுத்த இடம் நம் அம்பாறை மாவட்டத்து ஒலுவில் பள்ளக்காட்டுப் பக்கம். கரையோர ஊர்களின் குப்பை வந்து விழும் மேட்டில் யானைகள் பையோடு சேர்த்துத் தின்கின்றன. கல்முனைக்குப் போகும் வழிதான், நாம் பஸ்ஸில் கடந்து போகிறோம். யாழ்ப்பாணத்து ஜஸ்மின் நிலானி ஜோசப்பின் வேலி ஓவியங்களையும், அப்துல் ஹாலிக் அசீஸ் எடுத்த கொழும்புத் தெருக்களையும் பாருங்கள். பல தமிழ்ப் புத்தகங்களுக்கு அட்டை செய்த கவிஞர் றஷ்மி அக்கரைப்பற்றுக்காரர். புத்தகத்தின் உள்பக்கத்தில் ‘அட்டை ஓவியம்’ என்ற வரியை வாசிக்கும் பழக்கம் இருந்தால் அவர் பெயர் உங்கள் கண்ணில் பட்டிருக்கும். 2005இல் தொடங்கிய நூலகம் இணையத் தளத்தில் பழைய ஈழத்துப் புத்தகங்களின் அட்டைகளைக் காசில்லாமல் பார்க்கலாம்.

13. ஒரு சீஆர் கொப்பி வைத்துக்கொள்ளுங்கள். போன் உடையும், மாறும், சேமித்தது போகும். எங்கள் கொப்பியில் பக்கத்துக்கு ஒருவர்: இடப்பக்கம் மகள் தமிழில் பெயர், ஊர், ஆண்டு, பார்த்த படம் எழுதுவாள். வலப்பக்கம் ராத்தாவுக்கு. அவர் வரும் நாளில் அந்தப் பெயரைப் பாரசீக எழுத்தில், மூன்று புள்ளியையும் தவறவிடாமல் எழுதித் தருவார். இதுவரை பதினேழு பக்கம் நிரம்பியிருக்கிறது. பதினெட்டாவதில் தமிழ்ப் பக்கம் எழுதியாயிற்று, ராத்தா வெள்ளிக்கிழமை கழித்து வருவதாகச் சொல்லியிருக்கிறார்.