பொன்னொளியும் இடிந்த சுவரும்

டச்சு ஓவியர் நிகோலாஸ் பெர்ஷெம் (1620–1683) ஹார்லெம் நகரில் பிறந்தவர். அவருடைய இத்தாலிய நிலக்காட்சிகளில் உரோமானியர் கட்டி இடிந்துபோன வளைவுகள் நிற்கும். கீழே ஆடுமாடுகளும் இடையரும் இருப்பர். எல்லாவற்றின்மீதும் மாலைப் பொன்னொளி படிந்திருக்கும். அவர் இத்தாலிக்குப் போனாரா என்பதிலேயே அறிஞரிடை ஐயம் உண்டு என்பது வேடிக்கை.

அவ்வொளியின் காரணம் பௌதிக மாணவர் அறிந்ததே. உச்சியில் உள்ள கதிரவனின் ஒளி கடக்கும் காற்றைப்போல் ஏறத்தாழ 38 மடங்கை அடிவானத்துக் கதிரவனின் ஒளி கடக்கிறது. வழியில் நீலம் சிதறிவிட, மஞ்சளும் சிவப்பும் மிஞ்சுகின்றன.

ஐதர் அலி பிறந்த பூதிகோட்டையில் இடிந்த கோட்டைச் சுவரை நண்பகலில் கண்டேன், வெறுங் கல். மாலையில் அதே சுவர் பெர்ஷெம் படமாயிற்று! அடியில் ஆடு மேய்த்த பெரியவரோ அதை ஏறிட்டும் பார்க்கவில்லை. பெர்ஷெமின் இடையரும் அப்படித்தான்; அவ்வளவில் ஓவியர் பொய் சொல்லவில்லை.

அருகிலுள்ள கோலார் தங்கவயலில் 2001-இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. வட ஆர்க்காட்டிலிருந்து வந்த என் பாட்டனார் அங்கே மண்ணுக்கடியில் உழைத்தவர். துருவேறிய சுரங்கக் கோபுரத்தையும் இந்தப் பொன்னொளியில் தீட்டினால் அழகாயிருக்கும் என்று அவரிடம் சொன்னேன்.

“அந்தப் படத்துல சங்கு ஊதுமாடா?” என்று கேட்டார்.