“இனி எனக்கு வராது” என்று சொல்வதற்கு முன்
மூத்தோர் கற்றலும் தன்னம்பிக்கையும்

வீட்டிலேயே இரத்த அழுத்தம் பார்ப்பது, திறன்பேசியில் மருத்துவச் சந்திப்புக்கு முன்பதிவு செய்வது போன்றவற்றைக் கற்றுக்கொள்ளச் சொன்னால், “வயதாகிவிட்டது, இனி எனக்கு வராது” என்று சொல்கிறீர்களா? அந்த எண்ணமே உங்களுக்குத் தடையாகலாம்.

நம்பிக்கை ஏன் முக்கியம்?

“என்னால் இதைச் செய்ய முடியும்” என்ற நம்பிக்கை கற்றலுக்கு எப்படி உதவுகிறது என்பதை உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977ஆம் ஆண்டிலிருந்து விளக்கி வந்தார். நம்பிக்கை உள்ளவர் தவறினாலும் மீண்டும் முயல்கிறார். முயல முயலப் பழகிவிடுகிறது. நம்பிக்கை இல்லாதவர் சீக்கிரம் விட்டுவிடுகிறார். அதனால் கைப்பழக்கமும் வருவதில்லை. “தப்பாகிவிடுமோ” என்ற பதற்றம் இருந்தால், சொல்லிக்கொடுப்பது மனத்தில் பதிவதும் கடினம்.

வயதாகும்போது புதியவற்றைக் கற்கக் கூடுதல் நேரம் பிடிப்பது இயல்பு. ஆனால், கற்கும் ஆற்றல் நின்றுவிடுவதில்லை.

நம்பிக்கையை வளர்க்கும் நான்கு வழிகள்

1. சிறிதாகத் தொடங்குங்கள். முதல் நாள் கருவியின் பட்டையைக் கையில் சரியாகச் சுற்றப் பழகுங்கள். மறுநாள் அளந்து, எண்களைக் குறித்து வையுங்கள்.

2. உங்கள் வயதினருடன் கற்றுக்கொள்ளுங்கள். உங்களைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்த்தால், “நானும் செய்யலாம்” என்ற துணிவு வரும். சமூக மன்றத்திலும் மூத்தோர் நடவடிக்கை நிலையத்திலும் உள்ள வகுப்புகளைப் பற்றி விசாரியுங்கள்.

3. ஊக்கம் தருபவரிடம் கேளுங்கள். எந்தப் படி புரியவில்லை என்பதைத் தயங்காமல் சொல்லுங்கள்.

4. களைப்பில்லாத நேரத்தில் பழகுங்கள். கை நடுங்கினாலோ நெஞ்சு படபடத்தாலோ, “என்னால் முடியாது” என்று முடிவுகட்ட வேண்டாம். சற்று ஓய்வெடுத்துவிட்டுத் தொடருங்கள்.

குடும்பத்தாருக்கு

அவசரத்தில் கைப்பேசியை வாங்கி நீங்களே செய்து முடித்துவிடாதீர்கள். அம்மாவோ தாத்தாவோ தங்கள் விரலாலேயே அழுத்தட்டும். “இது உங்களுக்குப் புரியாது” என்பதற்குப் பதிலாக, “நேற்று இதுவரை சரியாகச் செய்தீர்கள், அடுத்ததைப் பார்ப்போம்” என்று சொல்லுங்கள்.

எல்லாவற்றையும் வயதின்மேல் போடாதீர்கள்

எழுத்து மங்கலாகத் தெரிந்தாலோ பேச்சு சரியாகக் கேட்காவிட்டாலோ, கண்ணையும் காதையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். நெடுங்காலம் செய்துவந்த சமையல், காசுக் கணக்கு போன்றவற்றில் தடுமாறினாலோ, பழகிய வழி மறந்துபோனாலோ, அது முதுமைக்கால மறதிநோயின் அறிகுறியாக இருக்கலாம். தாமதிக்காமல் உங்கள் குடும்ப மருத்துவரையோ பலதுறை மருந்தகத்தையோ நாடுங்கள்.

இந்த வாரம் நீங்கள் கற்க விரும்பும் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். தினமும் பத்து நிமிடம் பழகுங்கள்.