காரில் லேப்டாப்புக்கு இன்வெர்ட்டர் பொருத்துவது எப்படி?

கார் பேட்டரியின் 12 வோல்ட் டிசி மின்சாரத்தை 230 வோல்ட் ஏசியாக மாற்றித் தருவது இன்வெர்ட்டர். என் லேப்டாப் அடாப்டர் 65 வாட்ஸ். 12ஆல் வகுத்தால் சுமார் 5.5 ஆம்பியர், இன்வெர்ட்டரில் வீணாவதையும் சேர்த்தால் 6 அல்லது 7. சிகரெட் லைட்டர் சாக்கெட்டின் ஃபியூஸ் பெரும்பாலும் 10 முதல் 15 ஆம்பியர். எனவே சிறிய இன்வெர்ட்டரை அதிலேயே செருகிப் பயன்படுத்துகிறேன்.

300 வாட்ஸ் லோடு 25 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதற்கு பேட்டரியிலிருந்து நேரடியாகத் தடித்த வயர் தேவை. இதற்கான ஃபியூஸைப் பாசிட்டிவ் முனைக்கு அருகிலேயே பொருத்துங்கள். இன்வெர்ட்டர் பக்கம் பொருத்தினால், வழியில் வயர் உரசி கார் பாடியில் பட்டால் ஃபியூஸ் போகாது; வயர்தான் எரியும்.

எஞ்சின் ஓடும்போது மட்டும் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் பேட்டரி இறங்கி, கார் ஸ்டார்ட் ஆகாமல் போகலாம்.