கடலும் குன்றும்

ஊர் காண்டல் உள்ளத்தை விரிவாக்கும். கிரேக்க நாட்டில் கடலும் மலையும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. அந்நாட்டு மலைச் சரிவுகளில் சிதைந்து நிற்கும் பழங்கோயில்களையும், கரையோரத்துத் தொன்மையான துறைமுகங்களையும் காண்பதற்கு உலகின் பல பகுதிகளிலிருந்தும் மக்கள் ஆண்டுதோறும் செல்கின்றனர். அவ்வளவு தொலைவு செல்ல இயலாதார்க்குச் சென்னை மாநகரின் தென்பகுதியே ஓர் அரிய வாய்ப்பினை அளிக்கின்றது. மயிலைக் கடற்கரைக்கும் பல்லாவரத்துக் குன்றுகளுக்கும் இடையே உள்ள தொலைவு ஏறத்தாழ 15 கிலோமீட்டரே ஆகும். அச்சிறு தொலைவிற்குள் கடல் உண்டு, ஆறு உண்டு, குன்றும் உண்டு. அவற்றினூடே நெடிய வரலாறு ஒன்றும் உறங்கிக் கிடக்கின்றது.

பயணத்தைச் சாந்தோம் கடற்கரையில் தொடங்குதல் நலம். விடியற்காலையில் அங்கு நிற்போர், மீனவர் படகுகள் அலைகளைக் கடந்து செல்வதையும், செங்கதிர் நீர்ப்பரப்பிலிருந்து எழுவதையும் கண்டு மகிழ்வர். இக்கரை பன்னாட்டு வணிகர் அறிந்த கரையாகும். கி. பி. இரண்டாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியா நகரில் வாழ்ந்து, கிரேக்க மொழியில் நிலநூல் எழுதிய தாலமி என்னும் அறிஞர், 'மலியார்பா' என்னும் ஒரு துறையைக் குறித்துள்ளார். அது மயிலாப்பூரே என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து. வெனிசு நகரத்துப் பயணியாகிய மார்க்கோ போலோ, பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கடற்கரைப் பகுதிக்கு வந்தார். புனித தோமையாரின் கல்லறையைக் கிறித்தவரும் இசுலாமியரும் ஒருங்கே போற்றியதை அவர் எழுதி வைத்துள்ளார். அக்கல்லறையின்மேல் போர்ச்சுகீசியர் பதினாறாம் நூற்றாண்டில் ஒரு கோயில் எழுப்பினர். இன்று வானளாவ நிற்கும் வெண்ணிறப் பேராலயம் 1896-இல் கட்டி முடிக்கப்பட்டது.

சாந்தோமிலிருந்து மேற்கே சிறிது நடந்தால் கபாலீச்சரம் தோன்றும். ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் இத்தலத்தைப் பாடியபொழுது, இங்கு மாதந்தோறும் நிகழ்ந்த விழாக்களை வரிசைப்படுத்திக் கூறினார். அவற்றுள் மாசிக் கடலாட்டும் ஒன்று. பழைய கோயில் கடலுக்கு மிக அருகில் இருந்தது என்பதற்கு அருணகிரிநாதர் பாடலும், சாந்தோம் பகுதியில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டுத் துண்டுகளும் சான்றாகின்றன. அக்கோயில் மறைந்தபின் இன்றுள்ள கோயில் சற்று உள்நிலத்தில் கட்டப்பெற்றது. கோயில் இடம் மாறினும் வழிபாடு மாறவில்லை. பங்குனித் திங்களில் அறுபத்துமூவர் திருவுலாவின்போது மாடவீதிகள் நான்கும் மக்கள் வெள்ளத்தால் நிறைகின்றன. கல்லால் ஆன கட்டடத்தினும் மக்கள் நெஞ்சில் நிலைத்த மரபு உறுதியானது என்பதை மயிலை காட்டுகின்றது.

மயிலைக்குத் தெற்கே அடையாறு கடலொடு கலக்கின்றது. அமைதி தவழும் அம்முகத்துவாரத்தின் அருகே 1746-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் பெரும்போர் ஒன்று மூண்டது. ஆர்க்காட்டு நவாபின் மைந்தர் மாபூசுகான் ஏறத்தாழ 10,000 வீரருடன் ஒரு பக்கம் நின்றார். பாரடி என்பவர் தலைமையில் ஏறத்தாழ 1,000 பேர் கொண்ட பிரெஞ்சுப் படை எதிரே வந்தது. அச்சிறு படையில் பெரும்பாலோர் ஐரோப்பிய முறையில் பயிற்சி பெற்ற இந்தியச் சிப்பாய்களே. பயிற்சியும் ஒழுங்கும் உடைய சிறுபடை, அவை குறைந்த பெரும்படையைச் சில மணி நேரத்தில் சிதறடித்தது. வணிகம் செய்ய வந்தவர் நாட்டையே வெல்லலாம் என்று எண்ணத் துணிந்தமைக்கு இப்போரும் ஒரு காரணமாயிற்று.

ஆற்றின் தென்கரையில் பிரம்மஞான சபையின் சோலை உள்ளது. அச்சபை 1882-இல் இவ்விடத்தைப் பெற்றது. அங்குள்ள ஆலமரம் பல நூற்றாண்டு வயதுடையது. 1989-இல் வீசிய புயலில் அதன் தாய்மரம் சாய்ந்தது. ஆயினும் விழுதுகள் வேரூன்றிப் பரவி இன்றும் நிழல் தருகின்றன.

அங்கிருந்து வடமேற்கே தியாகராய நகர் உள்ளது. ஆடையும் அணிகலனும் வாங்க வருவோர் நெருக்கத்தால் அதன் கடைத்தெருக்கள் எந்நாளும் திருவிழாப் போல் விளங்கும். இன்று கடைகள் நிறைந்த அவ்விடத்தில் முன்னாளில் நெடிய ஏரியின் நீர் நிறைந்திருந்தது. நுங்கம்பாக்கம் முதல் சைதாப்பேட்டைப் பக்கம் வரை அவ்வேரி நீண்டு கிடந்தது. 1920-களில் அதன் ஒரு பகுதியைத் தூர்த்து நகரம் அமைத்தனர். 1925-இல் மறைந்த நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயரின் பெயரை அதற்குச் சூட்டினர். மக்கள் ஏரியை மறந்தனர். ஆனால் மழைநீர் தன் பழைய இடத்தை மறக்கவில்லை. பெருமழைக் காலங்களில் தாழ்ந்த தெருக்களில் நீர் வந்து தேங்குவது இன்றும் நிகழ்கின்றது. 2015-ஆம் ஆண்டு டிசம்பர்த் தொடக்கத்தில் அடையாறு கரைபுரண்டு, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் முதலிய பகுதிகளை மூழ்கடித்தது. உயிரிழந்தோரும் வீடிழந்தோரும் பலர். ஓர் ஊரின் பழமையை அறியாதிருத்தல் அறியாமை மட்டுமன்று. துன்பத்திற்கும் அது வழியாகும் என்பதை அவ்வெள்ளம் உணர்த்திற்று.

சைதாப்பேட்டையில் ஆற்றைக் கடப்போர் ஒரு வணிகரை நினைத்தல் வேண்டும். ஆர்மீனிய நாட்டவரான கோஜா பெத்ரூசு உசுக்கான் என்பவர், வெள்ளத்தில் மக்கள் படும் இடர் கண்டு, 1726-இல் தம் சொந்தப் பொருளால் அங்கு ஒரு பாலம் கட்டுவித்தார். இருநூறு ஆண்டுகளுக்கு மேல் அது பயன்பட்டது. 1960-களில் அதற்கு மாற்றாக எழுந்ததே மறைமலையடிகள் பாலம் ஆகும். பரங்கிமலைக்கு ஏறும் படிகளை அமைப்பித்தவரும் அவ்வணிகரே.

பரங்கிமலை ஏறத்தாழ 300 அடி உயரமுள்ளது. தோமையார் இங்கு உயிர்நீத்தார் என்பது கிறித்தவ மரபு. மலைமேலுள்ள கோயிலில் 1547-இல் கண்டெடுக்கப்பட்ட கற்சிலுவை ஒன்று உள்ளது. அதில் பஃலவி என்னும் பழைய பாரசீக எழுத்துக்கள் பொறிக்கப்பட்டுள்ளன. மாலைப் பொழுதில் உச்சியில் நிற்போர்க்குக் கிழக்கே கடலும், கீழே வானூர்தி நிலையமும், தெற்கே குன்றுகளும் கட்புலனாகும்.

இம்மலை அறிவியல் வரலாற்றிலும் இடம்பெற்றது. 1802-ஆம் ஆண்டு ஏப்ரல் 10-ஆம் நாள் வில்லியம் லாம்டன் என்னும் அளவையாளர் இதன் அடிவாரத்தில் தம் பணியைத் தொடங்கினார். நூறடி நீளமுள்ள எஃகுச் சங்கிலியால், தெற்கே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளமுள்ள நேர்கோடு ஒன்றை அளந்தார். வெயிலில் சங்கிலி நீண்டால் அளவு பிழைபடும். ஆதலின் அதனை மரப்பெட்டிகளில் கிடத்தி, நிழலமைத்து, வெப்பத்தையும் உடனுக்குடன் குறித்துக்கொண்டார். அக்கோட்டினை அடிப்படையாகக் கொண்டு முக்கோணங்கள் பல வகுத்து நாடு முழுவதும் அளக்கப்பட்டது. லாம்டன் 1823-இல் மறைந்தார். பிறர் அப்பணியைத் தொடர்ந்தனர். இமயத்தின் உச்சியாகிய எவரெசுட்டின் உயரம் 29,002 அடி என 1856-இல் வெளியிடப்பட்டது அப்பெரும்பணியின் பயனே. அவ்வுயரத்தைக் காணும் முயற்சி இச்சிறு குன்றின் அடியில் தொடங்கிற்று என்பது வியப்பன்றோ?

மலைக்குத் தென்மேற்கே பல்லாவரம் அமைந்துள்ளது. அங்கு மகேந்திரவர்ம பல்லவன் ஏழாம் நூற்றாண்டில் குடைவித்த குகைக்கோயில் ஒன்று உண்டு. பிற்காலத்தில் அது இசுலாமியர் வழிபடும் இடமாயிற்று. அதனினும் பன்மடங்கு பழமையான சான்றொன்று அவ்வூரில் கிடைத்தது. 1863-ஆம் ஆண்டு மே 30-ஆம் நாள், இராபர்ட்டு புரூசு பூட்டு என்னும் நிலவியல் அறிஞர், சரளை தோண்டிய குழி ஒன்றில் ஒரு கல்லைக் கண்டார். பிறர் கண்ணுக்கு அது வெறுங்கல். அவரோ குனிந்து எடுத்து உற்று நோக்கினார். அது பழைய கற்கால மனிதன் செதுக்கிய கருவி! இந்திய நாட்டில் மனித வாழ்வின் தொன்மையை ஆராயும் முயற்சிக்கு அக்கல் வழிகாட்டிற்று. அதே ஆண்டில் அவர் கண்டறிந்த அத்திரம்பாக்கத்தில் அண்மைக் காலத்தில் நிகழ்ந்த அகழாய்வுகள், அங்குக் கிடைத்த கருவிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுப் பழமையுடையன என்று காட்டியுள்ளன.

அக்குழியைக் கடந்து நாள்தோறும் பலர் சென்றிருப்பர். சரளையோடு சரளையாய் அக்கல்லும் சாலையில் கொட்டப்பட்டிருப்பின், அது கூறும் செய்தியும் மண்ணோடு மறைந்திருக்கும். உடைபடும் குன்றும், தூர்க்கப்படும் ஏரியும், சுண்ணம் பூசி மறைக்கப்படும் கல்வெட்டும் நம் முன்னோரின் ஏடுகளே. அவ்வேடுகளைப் படிக்கும் முன்னர்க் கிழித்தெறிதல் தகுமோ? கடல் கடந்து சென்று பிற நாட்டுப் பழமையைப் போற்றுதல் நன்று. தாம் நாள்தோறும் நடக்கும் தெருவின் பழமையை அறிந்து காத்தல் அதனினும் நன்று. அதற்கு வேண்டுவது பெரும்பொருளன்று. குனிந்து நோக்கும் கண்ணும், கண்டதைப் பேணும் கருத்துமே ஆகும்.